அந்த நாயை உள்ளே விடாதீங்கய்யா!

வெள்ளை. திரை முழுக்க வெள்ளை. அண்டார்க்டிகாவின் பனிவெளியில் ஒரு நாய் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு தாழப் பறக்கிறது ஒரு ஹெலிகாப்டர். அதிலிருந்து ஒருத்தன் பாதி உடம்பை வெளியே நீட்டி அந்த நாயைச் சுடுகிறான், சுடுகிறான், சுட்டுக்கொண்டே இருக்கிறான், ஒரு குண்டும் படவில்லை. பின்னணியில் 'டும்-டும்... டும்-டும்...' என்று அடிவயிற்றில் இடிக்கிற ஓர் ஒலி. இப்போது சொல்லுங்கள், நீங்கள் யார் பக்கம்? நாய் பக்கம்தானே? நானும் நாய் பக்கம்தான். 'அடப்பாவி, வாயில்லா ஜீவனைப் போய் இப்படித் துரத்துறியே' என்று அந்தத் துப்பாக்கிக்காரனை மனசார சபித்தேன். நாய் ஓடிப்போய் அமெரிக்க ஆய்வு முகாமில் ஓர் ஆள் மேல் தாவி அவர் முகத்தை நக்கியபோது அப்பாடா என்று மூச்சுவிட்டேன். போச்சு, அத்தோடு மாட்டிக்கொண்டேன்! ஜான் கார்ப்பென்டர் ஒரு வசனத்தையும் செலவழிக்காமல் என்னைத் தப்பான பக்கத்தில் நிறுத்திவிட்டார். அந்தத் துப்பாக்கிக்காரன் நார்வேக்காரன், உயிரைக் கொடுத்து ஏதோ கத்துகிறான், இங்கே ஒருத்தருக்கும் அவன் மொழி தெரியாது, சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். நார்வேயில் படம் பார்த்தவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. 'அது நாயே இல்லை' என்றுதான் அவன் கத்துகிறான். மொத்தக் கதையையும் முதல் சில நிமிடத்திலேயே போட்டு உடைத்துவிட்டுச் சாகிறான்.

இதுதான் 'தி திங்', 1982இல் வந்தது. அறிவியல் புனைகதையும் திகிலும் கலந்த படங்களில் எனக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது, இனி வரப்போவதும் கிடையாது. இதில் நடுநிலையான விமர்சனத்தை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். எனக்கு இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

கதை இவ்வளவுதான். பனிக்கண்டத்தில் ஒரு முகாம். பன்னிரண்டு ஆண்கள். குளிர்காலம் தொடங்குகிறது, வெளியுலகத்தோடு தொடர்பு கிடைக்கவில்லை. பனிக்கடியில் ஒரு லட்சம் ஆண்டுகளாவது புதைந்து கிடந்த விண்கலத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. அதற்குச் சொந்த உருவம் என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது. தொட்ட உயிரை அணு அணுவாகத் தின்று, அதே உயிராக மாறி நிற்கும். அதே முகம், அதே குரல், அதே கிண்டல், அதே நினைவு. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடுகிறவன் நேற்று வரை உங்கள் நண்பன். இப்போது? தெரியாது. அவனைக் கேட்டாலும் 'நான்தான்டா' என்றுதான் சொல்வான், அதுவும் அப்படித்தான் சொல்லும்!

கல்யாண வீட்டில் பெண்ணின் வைர அட்டிகை காணாமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மேளம் நிற்காது, பந்தி நிற்காது, ஆனால் அத்தைக்காரி சித்திக்காரியைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், சம்பந்தி வீட்டார் சமையல்காரரைப் பார்ப்பார்கள், சமையல்காரர் பந்தல்காரரைப் பார்ப்பார், எல்லோரும் எல்லோரிடமும் சிரித்தபடியே இருப்பார்கள். அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டுபோய்ப் பனியில் பூட்டி, கையில் ஆளுக்கொரு தீப்பீச்சியைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் இந்தப் படம். விலங்கு வெளியே வந்து ஆடுகிற காட்சிகள் மொத்தமாகச் சேர்த்தால் கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள். அந்தப் பார்வைதான் எனக்கு நடுக்கம். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அகலத் திரையில் ஐந்தாறு பேரை ஒரே சட்டகத்தில் நிற்க வைத்துவிடுகிறார், நம் கண் இங்கும் அங்கும் அலைகிறது. இவனா? அவனா? தலையைத் திருப்பாமல் நிற்கிறானே, அவனா? இயக்குநர் எதையும் சுட்டிக்காட்டுவதில்லை, நம்மையே போலீஸாக்கிவிடுகிறார்.

அந்த நாயை மறந்துவிடாதீர்கள். முகாமின் நடைக்கூடத்தில் அது நடந்துபோகும் ஒரு காட்சி இருக்கிறது, தயவுசெய்து கண் சிமிட்டாமல் பாருங்கள். அதில் நடித்த நாயின் பெயர் ஜெட், ஓநாயும் மாலமூட் நாயும் கலந்த இனம். மெதுவாக வருகிறது. ஓர் அறை வாசலில் நிற்கிறது. உள்ளே பார்க்கிறது. வேண்டாம் என்று நகர்கிறது. அடுத்த அறை. சுவரில் ஒரு மனிதனின் நிழல், அது யாரோ தெரியவில்லை, நிழல் திரும்புகிறது, நாய் உள்ளே போகிறது, காட்சி இருட்டிவிடுகிறது. அவ்வளவுதான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. நான் போர்வையை இழுத்து மூக்குவரை போர்த்திக்கொண்டு, 'டேய், எழுந்து ஓடுடா' என்று மடிக்கணினியோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்த நிழல் எந்த நடிகருடையது என்று யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக, பன்னிரண்டு பேரில் ஒருவரையும் நிற்க வைக்காமல், ஒரு சண்டைக் கலைஞரை நிற்க வைத்து எடுத்திருக்கிறார்கள். இதை எங்கோ படித்தபோது நடு வீட்டில் நின்று கைதட்டினேன். அந்த நிழலின் மூக்கை அளந்து நான் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்த இரவுகளெல்லாம் வீண், ஆனாலும் என்ன சந்தோஷம்!

இனி கொஞ்சம் ரத்தம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வாருங்கள். ஒருத்தருக்கு நெஞ்சு அடைத்துவிடுகிறது. மேசையில் கிடத்தி, டாக்டர் காப்பர் மின் அதிர்ச்சி கொடுக்கிறார். ஒரு தடவை. பரவாயில்லை. இரண்டாவது தடவை கையை அழுத்துகிறார், நெஞ்சு திறந்துகொள்கிறது! வாய் மாதிரி, பல்லோடு! டாக்டரின் இரண்டு கையும் உள்ளே போய், படாரென்று அந்த நெஞ்சு மூடிக்கொள்கிறது, அவர் கையில்லாமல் பின்னால் சாய்கிறார், நான் பாயிலிருந்து எழுந்தேவிட்டேன், அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை, ஏதோ ஒன்று கூரைவரை கிளம்புகிறது, நெருப்பை வீசுகிறார்கள், எல்லோரும் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்தப் பக்கம் மேசையில் செத்தவனின் தலை மட்டும் கழுத்தை இழுத்து இழுத்துப் பிய்த்துக்கொண்டு தரையில் விழுகிறது, நாக்கை நீட்டி எதையோ பற்றித் தன்னைத் தானே மேசைக்கடியில் இழுத்துக்கொள்கிறது, சற்று நேரத்தில் அந்தத் தலைக்குச் சிலந்திக் கால்கள் முளைக்கின்றன, அது எழுந்து, யாரும் பார்க்காத நேரத்தில் மெல்ல நடையைக் கட்டுகிறது! வாசல் பக்கம் போகிற அதை ஒருத்தன் பார்த்துவிட்டு ஒற்றை வரி சொல்கிறான். அந்த வரியை இங்கே அச்சிட முடியாது. ஆனால் அந்த இடத்தில் நீங்களும் நானும் அதைத்தான் சொல்லியிருப்போம். கத்தவேண்டிய இடத்தில் நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கத்தினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதெல்லாம் கணினி வரைகலை பரவலாகாத காலத்தில் செய்தது என்பதை நினைக்க நினைக்க எனக்குத் தலை சுற்றுகிறது. ஒவ்வொன்றும் கையால் செய்தது. செய்தவர் ராப் பாட்டீன், அப்போது வயது 22! நம்மில் பலர் அந்த வயதில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசிக்காமலிருப்பது நல்லது. ரப்பர், நுரை, மெழுகு, கம்பி, நீரியல் விசை, அதற்கு மேல் மயோனைஸ், சோளக் கூழ், மைக்ரோவேவ் அடுப்பில் உருக்கிய பபிள் கம். நாம் அருவருத்து முகத்தைத் திருப்புகிற அந்த வழுவழுப்பெல்லாம் பாதி மளிகைக் கடைச் சாமான்! டாக்டரின் கை போகிற காட்சிக்கு இரண்டு கையும் இல்லாத ஒருவரையே தேடிப் பிடித்து, அவருக்கு மெழுகு எலும்பும் ரப்பர் நரம்பும் வைத்த செயற்கைக் கைகளைப் பொருத்தி, முகத்தில் டாக்டராக நடித்தவரின் முகமூடியை மாட்டி எடுத்திருக்கிறார்கள். பாட்டீன் ஓராண்டுக்கும் மேல் விடுமுறையே இல்லாமல் உழைத்து, கடைசியில் உடம்பு தாங்காமல் மருத்துவமனையில் படுத்தார். வேலை தலைக்கு மேல் போனபோது நாய்க்கூண்டுக் காட்சியின் பிராணியை ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்து கொடுத்தது, உள்ளே ஆள் இருந்து கையால் ஆட்டுகிற பெரிய பொம்மை அது. தெரிந்தே பாருங்கள், அப்போதும் பயமாக இருக்கும். அது அங்கே, அந்த அறையில், அந்த வெளிச்சத்தில் உண்மையிலேயே இருந்தது என்பதை நம் கண் கண்டுபிடித்துவிடுகிறது. 2011இல் இதற்கு முன்கதை என்று ஒரு படம் வந்தது, அதிலும் கையால் செய்த உருவங்களைத்தான் முதலில் படமாக்கினார்கள், பிறகு அவற்றின் மேலெல்லாம் கணினி வரைகலையைப் பூசிவிட்டார்கள். வயிற்றெரிச்சல், வேறென்ன சொல்ல.

குளிரும் அப்படித்தான். உட்புறக் காட்சிகளை லாஸ் ஏஞ்சலஸ் அரங்குகளில் எடுத்தபோது வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே மூச்சு ஆவியாகத் தெரியவேண்டும் என்று மொத்த அரங்கையும் குளிரூட்டினார்கள். வெளிப்புறத்துக்குக் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்டூவர்ட் ஊருக்குப் பக்கத்தில் கோடைகாலத்திலேயே முகாமைக் கட்டி வைத்துவிட்டு, பனி வந்து அதை மூடட்டும் என்று காத்திருந்தார்கள். கதையில் நார்வேக்காரர்களின் எரிந்துபோன முகாமுக்கு நாயகன் போய்ப் பார்ப்பானே, அது வேறொன்றுமில்லை, கடைசிக் காட்சிக்காக வெடிவைத்துத் தகர்த்த இதே அமெரிக்க முகாமின் மிச்சம்தான். ஒரே சாம்பலைத் திருப்பி வைத்து இரண்டு முகாமாக்கிவிட்டார்கள். செலவு மிச்சம் என்றுதான் செய்திருப்பார்கள். எனக்கோ அதில் வேறொன்று தெரிகிறது: படத்தின் ஆரம்பத்திலேயே அவர்கள் தங்கள் முடிவுக்குள் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ரசிகன் கண்ணுக்கு எல்லாம் தெரியும்!

ஆனால் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே ரத்தப் பரிசோதனைக் காட்சிக்காகத்தான். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். ஓர் அறை. ஆட்களை நாற்காலியிலும் நீள இருக்கையிலும் கயிற்றால் கட்டிப்போட்டிருக்கிறது. கட்டிப்போட்டவன் மக்ரெடி, அதாவது கர்ட் ரஸ்ஸல், அந்தத் தாடியும் அந்தக் கண்ணும் அப்பப்பா! (அந்தத் தாடிக்காகவே நானும் ஒரு காலத்தில் வளர்த்தேன். யாரும் ரசிக்கவில்லை.) அவன் கணக்கு எளிமையானது. அந்தப் பிராணியின் ஒவ்வொரு துண்டும் தனி உயிர், ஒவ்வொரு துளி ரத்தமும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும், ஆகவே சுட்டால் ஓடும். ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறான், ஒரு கம்பியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சுகிறான், ரத்தத்தில் வைக்கிறான். 'ஸ்ஸ்ஸ்'. ஒன்றுமில்லை, மனிதன்தான். மறுபடி காய்ச்சுகிறான். அடுத்த கிண்ணம். 'ஸ்ஸ்ஸ்'. மனிதன்தான். பின்னணி இசை நம்மை எச்சரிப்பதில்லை, காமிரா அலட்டிக்கொள்வதில்லை. அந்தச் சீறல் சத்தம் நமக்குப் பழகிவிடுகிறது, பழகட்டும் என்றுதான் அந்த மனுஷன் காத்திருக்கிறார். நம் சந்தேகம் முழுவதையும் ஓர் ஆள் மேல் குவித்துவிட்டு, இதோ இவனைக் கடைசியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல அவனோடு பேசிக்கொண்டே, பார்க்காமல், ஏதோ சடங்குக்குச் செய்வதுபோல மக்ரெடி அடுத்த கிண்ணத்தில் கம்பியை வைக்கிறான், அப்போது... ஐயோ, இந்த இடத்தை எழுதும்போதே கை நடுங்குகிறது, ரத்தம் கிரீச்சிட்டுக்கொண்டு துள்ளுகிறது! யாருடைய ரத்தம் என்று சொல்லமாட்டேன், தலைகீழாக நின்றாலும் சொல்லமாட்டேன். அந்த ஆளைப் பார்த்தால் அவன் முகம் ஏற்கெனவே மாறத் தொடங்கியிருக்கிறது, உடம்பு உதறுகிறது, அவனோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள் அவிழ்த்துவிடச் சொல்லி உயிர்போகக் கதறுகிறார்கள், தீப்பீச்சி பற்றமாட்டேன் என்கிறது, பற்று, பற்று, பற்றித் தொலையேன் என்று நானும் கத்துகிறேன், பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, எனக்கென்ன கவலை! இத்தனையும் முடிந்து தணிந்த பிறகு, தான் மனிதன்தான் என்று நிரூபணமாகியும் இன்னும் கட்டிலேயே கிடக்கிற ஒருத்தர் முதலில் கண்ணியமாகப் பேச ஆரம்பித்து, அடுத்த நொடி தொண்டை கிழியக் கத்துவார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகவே கார்ப்பென்டருக்குக் கோயில் கட்டலாம்.

இந்தக் காட்சியை எனக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிவிட்டேன். அப்போது நான் திரையைப் பார்ப்பதே இல்லை, அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். என் அக்கா, 'என்னடா கருமம் இது, சாப்பிடுற நேரத்துல' என்று எழுந்தவள், ரத்தம் துள்ளிய இடத்தில் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. எழுந்து போகவே இல்லை. படம் முடிந்ததும், 'அந்தக் கறுப்பு ஆளு நெசமாவே மனுஷன்தானா?' என்று கேட்டாள். ஆஹா! இந்தக் கேள்வியை ஒருத்தர் வாயிலிருந்து வரவழைத்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

இப்படிப்பட்ட படத்தை 1982இல் என்ன செய்தார்கள் தெரியுமா? தூக்கிக் குப்பையில் போட்டார்கள். ஜூன் 25ஆம் தேதி வெளியானது. இரண்டு வாரம் முன்னால்தான் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்து, வேற்றுக்கிரகத்து ஜீவன் என்றால் குழந்தைகளின் செல்லம் என்று ஊரே உருகிக்கிடந்தது. அதே நாளில் 'பிளேட் ரன்னர்' வேறு வெளியானது, அதற்கும் அப்போது சரியான வரவேற்பில்லை. சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் 2 கோடியைத் தொடவில்லை. விமர்சகர்கள் அருவருப்பு, குமட்டல் என்று எழுதித் தள்ளினார்கள், கார்ப்பென்டர் கையிலிருந்த அடுத்த படமான 'ஃபயர்ஸ்டார்ட்டர்' பறிபோனது. இதையெல்லாம் விட எனக்கு ஆத்திரம் வருவது இசை விஷயத்தில். இசை என்னியோ மோரிகோனே! வழக்கமாகத் தன் படங்களுக்குத் தானே இசையமைக்கிற கார்ப்பென்டர் இதற்கு அவரிடம் போனார், அவர் கொடுத்ததுதான் நெஞ்சை இடிக்கிற அந்த டும்-டும். அதை ஆண்டின் மோசமான இசை என்று ராஸி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். கேட்டீர்களா கொடுமையை? ஆனால் காலம் பழி வாங்கிவிட்டது. இந்தப் படத்துக்காக எழுதிப் பயன்படாமல் கிடந்த சில இசைத் துண்டுகளைப் பல ஆண்டு கழித்து டாரன்டினோ தன் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்தில் சேர்த்துக்கொண்டார். அதிலும் பனி, அதிலும் பூட்டிய அறை, அதிலும் கர்ட் ரஸ்ஸல்! அந்தப் படத்தின் இசைக்குத்தான் 2016இல் மோரிகோனே ஆஸ்கர் வாங்கினார். அவர் மேடையேறியபோது அதில் ஒரு கால்வாசியாவது என் படத்துக்கு என்று நான் இங்கே விசிலடித்தேன்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் யார் பெயர் என்ன என்று பிடிபடாது, தாடியும் கம்பளி உடுப்புமாக எல்லோரும் ஒரே மாதிரி தெரிவார்கள். கடைசியில் வருகிற பெரிய உருவம் இன்னும் கொஞ்சம் நேரம் நின்றிருக்கலாம். போதும், இதற்கு மேல் என்னிடம் வாங்க முடியாது. பெயர் பிடிபடாவிட்டால் மறுபடி பாருங்கள்! நான் ஒவ்வொரு முறையும் ஒரே ஆளைப் பின்தொடர்ந்து பார்ப்பேன். ஒருமுறை நாய்களைப் பார்த்துக்கொள்கிற கிளார்க்கை மட்டும். அவன் எங்கே போகிறான், எப்போது திரையில் இல்லை, யாரோடு தனியாக இருந்தான். இன்னொரு முறை பிளேரை. வில்ஃபோர்ட் பிரிம்லி என்ன அமைதியாக நடித்திருக்கிறார்! அந்தப் பிராணி மக்கள் வாழும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் 27,000 மணி நேரத்தில் உலகமே காலி என்று கணினி கணக்குக் காட்டுகிறது. அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மனுஷன் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரு கோடரியை எடுத்து வானொலிச் சாதனங்களையெல்லாம் நொறுக்குவார். பைத்தியம் என்று அடைத்துவைப்பார்கள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், அங்கே தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தானோ என்று தோன்றும்.

முடிவைப் பற்றிச் சொல்லக் கூடாது, ஆனாலும் கொஞ்சம். எரிகிற முகாமின் வெளிச்சத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் ஒரு புட்டி. இரண்டு பேரில் ஒருத்தன் அதுவாக இருக்கலாம். இரண்டு பேருமே மனிதர்களாக இருக்கலாம். இந்தக் காட்சிக்காக ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தன் வாயில் குளிர் ஆவி வரவில்லை பார் என்கிறது ஒரு கட்சி, நல்ல பிரதியில் போட்டுப் பார், வருகிறது என்கிறது மறு கட்சி, கண்ணில் ஒளிப்பொட்டு இருக்கிறதா என்று கிளம்பியது மூன்றாம் கட்சி. கார்ப்பென்டரோ தனக்குத் தெரியும், சொல்லமாட்டேன் என்று சிரிக்கிறார். சொல்லவே வேண்டாம் ஐயா! சொல்லிவிட்டால் நான் என் நண்பர்களோடு எதைப் பேசுவது? நான் மனிதர்கள் கட்சி, இரண்டு பேரும் மனிதர்கள்தான், இதற்காக எந்த டீக்கடையிலும் எவ்வளவு நேரமும் வாதாடத் தயார்.

கடைசியாக ஒன்று. தென் துருவத்தில் அமுன்ட்சென்-ஸ்காட் என்ற உண்மையான ஆய்வு நிலையம் இருக்கிறது. குளிர்காலத்துக்கு முன் கடைசி விமானம் கிளம்பிப் போய்விட்டால், மாதக்கணக்கில் சாதாரணமாக யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது. அப்படிக் கடைசி விமானம் போனதும் அங்கே தங்குகிறவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடி உட்கார்ந்து என்ன படம் பார்ப்பார்கள், சொல்லுங்கள்? இதேதான்! அங்கே, அந்தப் பனிக்கு நடுவில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு! எனக்குப் பொறாமையில் வயிறு எரிகிறது. நான் விஞ்ஞானி இல்லை, பொறியாளரும் இல்லை. ஆனால் அங்கேயும் சமையலுக்கு ஆள் வேண்டும்தானே? எனக்குச் சமைக்கத் தெரியாது. அந்த ஒரு ராத்திரிக்காகக் கற்றுக்கொள்கிறேன்.